கிளியின் மறுப்பு

கிளியைப் பேசும் பறவை என்கிறோம். அது பேசுவது நம் சொற்களை. அதன் சொந்தப் பாஷை உடம்பில் இருக்கிறது.

புது வீட்டுக்கு வந்த கிளி இறகுகளை உடலோடு ஒட்ட இறுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. 'சாது' என்கிறோம். அது பயம். கை நெருங்கினால் பின்னுக்குச் சாய்கிறது, கண்மணி சுருங்கி விரிகிறது, வால் விசிறியாகிறது. இத்தனையும் சொன்ன பிறகே கடிக்கிறது. 'திடீரென்று கடித்துவிட்டது' என்கிறோம். இறகு தளர்ந்து ஒற்றைக்காலில் அது கண்ணயரும் நாள்வரை பொறுப்பதில்லை.

1977இல் ஐரீன் பெப்பர்பெர்க் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, 2007இல் இறப்பதற்குள் சுமார் 100 சொற்கள் கற்றது. வேண்டாததை 'நோ' என்று மறுத்தது. ஆச்சரியப்பட்டோம். கிளிகள் உடம்பால் எப்போதும் சொல்லிவந்த மறுப்புதான் அது. நம் சொல்லில் வந்த பிறகே நமக்குக் கேட்டது.

புரிந்துகொள்வது பழக்குவதற்கான உத்தி மட்டும் என்றால் அது சிறைக்காவலனின் அறிவு. மறுப்பைக் கண்டதும் கை பின்வாங்குகிறதா என்பதே சோதனை. அதைக் கடைசிவரை கொண்டுபோனால் கூண்டே கேள்விக்குள்ளாகிறது. இந்தியாவில் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது இன்று குற்றம். வீடுகளில் கூண்டுகள் இன்னும் தொங்குகின்றன.