35 எந்தப் பெட்டியில்?

பத்தாம் வகுப்புக் கணக்கில் புள்ளியியலுக்கு யாரும் பயப்படுவதில்லை. "ஈஸி மார்க்டா" என்பார்கள். மதிப்பெண்களை 0–10, 10–20, 20–30 என்று பிரித்து, எதிரே எத்தனை பேர் என்று எழுதினால் நிகழ்வெண் பட்டியல் தயார். பிரிவுகள் பெரும்பாலும் கேள்வியிலேயே இருக்கும். ஏன் அங்கே வெட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் "கொஸ்டின்ல அப்படித்தான் இருக்கு" என்றுதான் பதில் வரும். எனக்கு அந்தப் பாடத்தில் முக்கியமாகப் படுவதே அந்தக் கேள்விதான்.

30–40 என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பாஸ் மார்க் 35. அந்த வரிசைக்கு எதிரே 12 என்று இருந்தால், அதில் தேறியவர்கள் எத்தனை பேர்? பட்டியலை எவ்வளவு நேரம் முறைத்தாலும் தெரியாது. 34 வாங்கி, வீட்டுக்குப் போகப் பயந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவனும், 35 வாங்கித் தெருவுக்கே மிட்டாய் கொடுப்பவனும் அந்த 12-க்குள்தான் இருக்கிறார்கள். சராசரி போடும்போது இன்னும் வேடிக்கை. பிரிவில் உள்ள எல்லாரும் அதன் நடுப்புள்ளியில் இருப்பதாக வைத்துத்தான் பெருக்குகிறோம். 30–40-க்கு நடுப்புள்ளி 35. கணக்கு அத்தனை பேரையும் பாஸ் போட்டுவிடுகிறது!

25–35, 35–45 என்று வெட்டி, 35 வாங்கியவரை இரண்டாவதில் வைத்தால் தோற்றவரும் தேறியவரும் பிரிந்துவிடுவார்கள். ஆனால் இப்போது 26-ம் 34-ம் ஒன்று. ஒரு மார்க்கில் கோட்டை விட்டவனுக்கு அது எப்படி இருக்கும்?

எத்தனை பிரிவு வேண்டும் என்பதற்குச் சூத்திரம் உண்டு. 1926-ல் ஹெர்பர்ட் ஸ்டர்ஜஸ் சொன்ன விதிப்படி 100 எண்கள் இருந்தால் சுமார் 8 பிரிவு. பாஸ் மார்க் 35 என்பது அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர்தான் வெட்ட வேண்டும். வெட்டியதற்குக் காரணம் சொல்லும் கடமையும் அவருடையது என்றே நினைக்கிறேன்.

"எல்லாப் பிரிவும் சமமா இருந்தா பாரபட்சம் வராதே" என்றார் ஒரு நண்பர். நிலத்தில் இந்த வாதம் நிற்காது. இந்திய வேளாண் கணக்கெடுப்பில் 1 ஹெக்டேருக்குக் கீழே குறு விவசாயி, 1–2 சிறு விவசாயி, பிறகு 2–4, 4–10, கடைசியில் 10-ம் அதற்கு மேலும். பத்துப் பத்தாகச் சமமாக வெட்டியிருந்தால் நூற்றுக்கு 99-க்கும் மேல் முதல் பெட்டியிலேயே அடைபட்டிருக்கும். 2015–16 கணக்கெடுப்பில் முதல் இரண்டு வரிசைகளிலேயே 86 சதவீதம். கீழே நெருக்கமாக வெட்டியதால்தான் அது நம் கண்ணில் படுகிறது.

சிக்கல் வேறு இடத்தில். பட்டியலுக்காகப் போட்ட கோடு பட்டியலோடு நிற்பதில்லை. 2019 பிப்ரவரியில் பி.எம். கிசான் திட்டம் தொடங்கியபோது, வருடம் 6,000 ரூபாய் 2 ஹெக்டேர் வரை நிலமுள்ள குடும்பங்களுக்கு என்றுதான் வரம்பு வைத்தார்கள். 2 ஹெக்டேர் என்பது 4.94 ஏக்கர். நம்மூரில் யார் ஹெக்டேரில் பேசுகிறார்கள்? சரியாக அஞ்சு ஏக்கர் வைத்திருந்தவர் கணக்குப்படி வெளியே. அதே வருடம் அந்த வரம்பை நீக்கிவிட்டார்கள். அஞ்சு ஏக்கர்காரருக்காவது ஆறு சென்ட் அதிகம் என்று வாதாட ஒரு கோடு இருந்தது.

அந்தப் பட்டியலில் கோடே இல்லாதவர்களும் உண்டு. அது சாகுபடி நிலங்களை எண்ணுகிறது. அடுத்தவர் வயலில் நாற்று நடுகிற, சொந்தமாகவோ குத்தகையாகவோ எதுவும் இல்லாத பெண்ணுக்கு முதல் வரிசையிலும் இடமில்லை. 0 என்று ஒரு வரிசை போடலாமே? நிலத்தைப் பற்றிய பட்டியலில் நிலமில்லாதவருக்கு என்ன வேலை என்று திருப்பிக் கேட்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. அவரை எண்ணுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2011-ல் விவசாயத் தொழிலாளர்கள் 14 கோடிக்கு மேல். சாகுபடியாளர்கள் 12 கோடிக்குக் கீழ்.