போகவிட்ட மீன்கள்

திரும்பிப் பார்த்தால், மீன் பிடித்த பொழுதைவிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்த பொழுதுதான் நினைவில் நிற்கிறது. அலாஸ்காவின் தென்மேற்கில் பிரிஸ்டல் விரிகுடா. அங்கே நாக்நெக் ஆறு கடலில் சேரும் இடத்தருகே, கரையிலிருந்து செவுள்வலை கட்டும் ஒரு குடும்பத்திடம் 2023 கோடையில் வேலைக்கு இருந்தேன். ஐம்பது பாகம் நீள வலை. ஏற்றத்தில் நீரில் நிற்கும், வற்றத்தில் சேற்றில் கிடக்கும்.

*

ஜூன் கடைசி. சாக்கை சால்மன் வரத் தொடங்கிவிட்டது. ஒன்று துள்ளுகிறது, சற்றுத் தள்ளி இன்னொன்று. வலை தயார், படகு தயார், ஐஸ் தயார். ஆனால் போடக்கூடாது. மாநில மீன்வளத் துறையின் அறிவிப்பு வர வேண்டும். வானொலியைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிறோம். இன்றைக்கு இல்லை. வீட்டுக்காரம்மா எழுந்துபோய் வலையின் ஈயக்கயிற்றைச் சரிபார்க்க ஆரம்பிக்கிறார். யாரும் முணுமுணுக்கவில்லை என்று எழுதினால் பொய். சரியாக இருட்டாத அந்த இரவில், கண்ணெதிரிலேயே மீன் ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

*

போகிறவற்றை எண்ண ஆள் வைத்திருக்கிறார்கள். ஆற்றின் மேற்பகுதியில், தண்ணீர் தெளிந்து ஓடும் இடத்தில், இரு கரையிலும் உயரமான மேடை. இரவும் பகலும், மணிக்குப் பத்து நிமிடம் இந்தக் கரையில், பத்து நிமிடம் அந்தக் கரையில் நின்று, கடந்துபோகும் மீனைக் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். அதை ஆறால் பெருக்கினால் ஒரு மணிக்கான கணக்கு. நாக்நெக் ஆற்றுக்கு 8 லட்சத்திலிருந்து 20 லட்சம் மீன் போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. பக்கத்து க்விசாக் ஆற்றுக்கு 20 லட்சத்திலிருந்து 1 கோடி. மேலே அந்த எண் ஏறுவதைப் பார்த்துத்தான் கீழே வலைக்கு நேரம் கொடுக்கிறார்கள். உலகிலேயே பெரிய சாக்கை மீன்பிடிப்பு, கோடை வேலைக்கு வந்த யாரோ ஒரு பையனோ பெண்ணோ கொசுக்கடியில் கண்ணை எடுக்காமல் நிற்பதை நம்பி நடக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் பங்கு ஆற்றுக்கு, மிச்சம்தான் வலைக்கு. எந்தச் சாமியாரும் சொன்னதல்ல இது. வரம்பில்லாமல் வாரியதன் பலனை அலாஸ்கா ஒருமுறை பார்த்துவிட்டது. 1953இல் சால்மன் வரத்து சரிந்துபோய், அதிபர் ஐசன்ஹோவர் அதைப் பேரிடர் என்றே அறிவிக்க நேர்ந்தது. 1959இல் மாநிலமானபோது, மீன்வளம் என்றும் நிலைத்திருக்கும் வகையில்தான் பிடிக்க வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்திலேயே இருந்தது.

*

மீன் மொத்தமாக வந்திறங்கும் ஜூலை முதல் வாரத்தில் காத்திருப்பும் இல்லை, கீத்திருப்பும் இல்லை. செவுளில் இறுகிய கண்ணியைச் சிறு கொக்கியால் நெம்பினால் மீன் வழுக்கி விழும். அடுத்தது. அதற்கடுத்தது. தூங்கி எழுந்தால் விரல் மடங்காது.

ஒரு தடவை வலையில் கிங் சால்மன் ஒன்று வந்தது. எல்லோரும் சற்று நேரம் பேசாமல் நின்றார்கள். சாக்கை பெருகிய இதே ஆண்டுகளில் கிங் தேய்ந்துவருகிறது. விரிகுடாவின் மறுபுறம் நுஷகாக் ஆற்றின் கிங், 2023இல் கவலைக்குரிய மீன்கூட்டமாக அறிவிக்கப்பட்டது. வடக்கே யூகான் ஆற்றில் நிலைமை இன்னும் மோசம்: 2024இல் அலாஸ்காவும் கனடாவும் சேர்ந்து ஏழு ஆண்டுகளுக்கு அங்கே கிங் பிடிப்பதை நிறுத்திவைத்தன. அங்கே கிங்கைப் புகைபோட்டுக் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த பழங்குடிக் குடும்பங்களுக்குப் போகவிடுவதற்கும் மீன் இல்லை. எங்கள் காத்திருப்பு வசதியானவர்களின் காத்திருப்பு.

*

போகவிட்டவை என்ன ஆகின்றன? ஏரிகளுக்கும் ஓடைகளுக்கும் ஏறுகின்றன. உடல் சிவந்து, தலை பச்சையாகி, ஆண் மீனுக்கு மூக்கு வளைந்து, கூழாங்கல்லில் முட்டையிட்டுச் செத்துப்போகின்றன. கரடி தின்கிறது, ஓடை தின்கிறது, கரையோர மரமும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. குஞ்சு ஏரியில் ஓரிரு ஆண்டு, கடலில் இரண்டு மூன்று ஆண்டு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கக் கடந்துபோன மீனின் பிள்ளைகள் திரும்பி வரும்போது அந்த வலையில் யார் நிற்பார்களோ.

*

விலையைப் பற்றியும் எழுத வேண்டும். 2022இல் விரிகுடாவுக்கு ஏறத்தாழ 7.9 கோடி சாக்கை வந்தது, 6 கோடி பிடிபட்டது; இரண்டுமே சாதனை. கிடங்குகள் நிரம்பின. மறு ஆண்டு அடிப்படை விலை பவுண்டுக்கு 50 சென்ட், முந்தைய ஆண்டு விலையில் பாதிகூட இல்லை. அதுவும் மீனில் பெரும்பகுதியை வாங்கும் ஆலைகளுக்குக் கொடுத்து முடித்த பிறகு தெரிந்த விலை. நாக்நெக் ஆற்றில் படகுகள் திரண்டு எதிர்ப்புக் காட்டின. ஆற்றில் எத்தனை மீன் ஏற வேண்டும் என்பதைப் பருவத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். பிடித்தவனுக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும் கடைசிவரை சொல்வதில்லை. இது அநியாயம்.

*

ஆற்றையே தொடும் கவலை இன்னொன்று: நுஷகாக், க்விசாக் ஆறுகள் புறப்படும் மேட்டில் செம்பும் தங்கமும் புதைந்து கிடக்கின்றன. பெபிள் சுரங்கம் என்று பல ஆண்டுகளாகப் பேசப்படுவது அதுதான். சுரங்கக் கழிவை அந்த நீர்நிலைகளில் கொட்ட, 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தடை விதித்தது. மறு ஆண்டு சுரங்க நிறுவனம் வழக்குத் தொடுத்தது. மேடை கட்டி மீனை எண்ணும் அதே மாநில அரசும் தடையை எதிர்த்து நீதிமன்றம் போனது.