மூச்சும் காவலும்

பிராணவாயு என்ற சொல்லை ஆக்கியவர்கள் ஒரு வாயுவுக்குப் பெயர் மட்டும் வைக்கவில்லை. அதன் குணம் பற்றி ஒரு தீர்ப்பையும் சேர்த்தே தந்துவிட்டார்கள். உயிரின் காற்று. பின்னால் வந்த உயிர்வளியும் அதே தீர்ப்பின் தனித்தமிழ் வடிவம்தான். லவாய்சியே வைத்த பெயருக்கு ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்று பொருள். அது தவறு என்று பின்னர் தெரிந்தது. நம் சொல் தவறல்ல, பாதி உண்மை. மறுபாதி, உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது.

வெள்ளையணுக்கள் பாக்டீரியாவை விழுங்கும்போது அவற்றின் சுவாசம் திடீரென்று பெருகுவதை 1933ல் பால்ட்ரிட்ஜ், ஜெரார்ட் என்ற இருவர் பதிவு செய்தார்கள். விழுங்குவது உழைப்பு, உழைத்தால் மூச்சு வாங்கும் என்ற விளக்கம் இயல்பாகவே எழுந்தது. அது நிற்கவில்லை. ஆக்ஸிஜன் இல்லாமலேயே வெள்ளையணு விழுங்குகிறது என்பது 1959க்குள் தெளிவாகிவிட்டது. பின் எதற்கு அந்தப் பெருமூச்சு?

கொல்வதற்கு. இழுத்த ஆக்ஸிஜன் மீது ஓர் எலெக்ட்ரானை ஏற்றி, வெள்ளையணு அதை சூப்பராக்ஸைடாக மாற்றுகிறது. இது 1973ல் தெரியவந்தது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு. அதோடு நம் ரத்தத்து உப்பின் குளோரைடு சேர்ந்து ஹைபோகுளோரஸ் அமிலம். வெள்ளம் வடிந்தபின் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுகிறோமே, அந்தத் தண்ணீரில் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். சீழில் தெரியும் பச்சைச் சாயல்கூட இதைத் தயாரிக்கும் என்ஸைமின் நிறம்.

‘தான்’, ‘தானல்லாதது’ என்ற பிரிவினையைப் பர்னெட் நோய் எதிர்ப்பியலின் மையத்தில் வைத்தார். அரசியல்வாதிகளுக்கும் பண்பாட்டுக் காவலர்களுக்கும் இதைவிட ருசியான படிமம் கிடைத்திருக்க முடியாது: தூய்மையான அகம், அசுத்தமான அந்நியம், இடையில் ஒரு கோட்டைச்சுவர். ஆனால் அடையாளம் காண்பது அணுவின் தோலோடு முடிந்துபோகிற காரியம். அமிலத்துக்குத் தான், பிறர் தெரியாது. அது வெளியே கசிந்தால் பக்கத்துத் திசுவையும் அரிக்கும். காப்பது என்ற செயல் குற்றமற்றது என்ற நம் நம்பிக்கைக்கு உடலில் ஆதாரம் இல்லை.

உடனே எதிர்த் துருவத்துக்குத் தாவ வேண்டியதில்லை. 1950களில் விவரிக்கப்பட்ட பரம்பரை நோய் ஒன்று உண்டு. அந்தக் குழந்தைகளின் வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கும். இந்தச் சுவாசப் பெருக்கம் மட்டும் நிகழாது. விழுங்கப்பட்ட கிருமி பல சமயம் உள்ளேயே உயிரோடு குடியிருக்கும். நுரையீரலிலும் கல்லீரலிலும் கட்டிகள். அகிம்சையான வெள்ளையணு குழந்தையைக் காப்பதில்லை. (காந்திய நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.) இன்னொன்றும் உண்டு. கிருமியே தென்படாத இடத்திலும் இவர்களுக்கு அழற்சி மிகுந்து, அடங்காமல் நீள்கிறது. அந்தத் தீ கொல்வதோடு, போதும் என்ற செய்தியையும் சுமந்திருக்கிறது. கொலைக்கருவியும் நிறுத்தக் கட்டளையும் ஒரே வாயுவில் என்பது எந்தத் தர்க்கத்துக்கும் எளிதில் வசப்படாத விஷயம்.

கதவை அடைத்துவிட்டால்? இலை அதைச் செய்கிறது. பாக்டீரியா வந்ததை உணர்ந்ததும் இலை தன் மூச்சுத்துளைகளை மூடிக்கொள்கிறது என்று 2006ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூடிய இலைக்கு உணவாக வேண்டிய கரியமில வாயு கிடைக்காது. பாதுகாப்பாகப் பட்டினி கிடக்கலாம். கிருமியும் சும்மா இருப்பதில்லை. ஒரு வகை, துளையைத் திறக்கவைக்கும் நச்சுப்பொருளைத் தானே சுரக்கிறது.

நமக்கு அந்த வசதியும் இல்லை. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று உள்ளே வந்து போகிறது. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள திரை, மெல்லிய இடங்களில் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே காவலுக்கு இருக்கும் அணுக்கள் வரும் தூசியையெல்லாம் எதிரி என்று எரிக்கத் தொடங்கினால் மூச்சு நின்றுபோகும். எனவே அவை பெரும்பாலான நேரம் சத்தமில்லாமல் தின்றுகொண்டு, மற்ற அணுக்களையும் அடக்கி வைக்கின்றன. நுரையீரலின் காவல் என்பது பெருமளவு பொறுத்துக்கொள்வதே. 2020ல் கொரோனாவால் மூச்சு இயந்திரத்தில் கிடந்தவர்களுக்கு, எதிர்ப்பாற்றலை அடக்கும் டெக்ஸாமெத்தஸோன் என்ற பழைய, மலிவான மருந்தைக் கொடுத்தபோது சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

காசநோயை மேதைமையோடு முடிச்சுப் போடுவது இலக்கியவாதிகளின் பழைய பலவீனம். காஃப்கா 1924ல், புதுமைப்பித்தன் 1948ல் என்று பட்டியல் ஒப்பிப்போம். ஸூஸன் ஸான்டாக் 1978ல் இத்தகைய உருவகங்களையே உதறச் சொன்னார். உருவகமின்றி உடலைப் பேச முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை; உருவகத்தைத் தகவலின் முன் நிறுத்தி விசாரிக்க முடியும். கோட்டை என்ற உருவகம் காசநோயில்தான் அடியோடு சரிகிறது. நுரையீரலில் குழி பறிப்பது முக்கியமாக அந்தக் கிருமியல்ல, அதற்கு எதிரான நம் அழற்சி. எய்ட்ஸ் முற்றி எதிர்ப்பாற்றல் சரிந்தவர்களிடம் இக்குழிகள் குறைவாகவே காணப்படுகின்றன. அவர்கள் சீக்கிரம் இறந்துபோகிறார்கள் என்பது வேறு விஷயம். குழி மூச்சுக்குழாய்க்குள் திறந்துகொள்கிறது. காற்றுப் புகும் அந்தக் குழியில் கிருமி கோடிக்கணக்கில் பெருகுகிறது. பிறகு ஒரு இருமல். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதை உள்ளே இழுக்கிறார்.