கண்ணை ஏய்க்கும் ஓவியம் பொய்யாகுமா?

கண்ணை ஏமாற்றும் பொருட்டே தீட்டப்படும் ஓவியங்கள் சில உண்டு. அவற்றைக் காணுங்கால், வாய்மையை நோன்பாகக் கொண்ட இல்லறத்தார் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. நாவினால் பொய்யுரைத்தல் குற்றமெனில், தூரிகையால் பொய்யுரைத்தல் மட்டும் எவ்வாறு கலையாகும்? இவ்வினாவைச் சிறிதெனத் தள்ளிவிட எமக்கு மனமில்லை.

உரோமாபுரியில் புனித இஞ்ஞாசியார் பெயரால் அமைந்த தேவாலயம் ஒன்று உளது. அதற்குத் திட்டமிட்ட குவிமாடம் கட்டப்படவில்லை. அவ்விடத்தே, 1685-ஆம் ஆண்டில், இயேசு சபையைச் சேர்ந்த ஆந்திரேயா பொட்சோ என்னும் ஓவியர், தட்டையான துணித்திரையில் குவிமாடத்தை வரைந்து ஏற்றிவைத்தார். தூண்களும் சாளரங்களும் மேனோக்கிச் சென்று ஒடுங்குவனபோல் தோன்றும்; உண்மையில் அங்கே உயரமே இல்லை. பின்னர், கூரையே திறந்து வானம் தெரிவதுபோல நடுக்கூடத்து விதானத்தைத் தீட்டி, 1694-ஆம் ஆண்டளவில் முடித்தார். அவ்விதானமோ வளைந்தது. வளைவில் நேர்கோடு இழுத்தால் கீழிருந்து காண்பார்க்குக் கோணலாகத் தெரியும். ஆகவே விதானத்தின் அடியில் கயிறுகளைச் சதுரச் சதுரமாக வலைபோல் கட்டினார். குறித்த ஒரு புள்ளியிலிருந்து நோக்குங்கால் ஒவ்வொரு கயிறும் விதானத்தில் எங்கே படிகின்றதோ, அங்கே கோடிட்டு, அக்கட்டங்களுக்குள் படத்தை எழுதினார். கரும்பலகையில் ஒரு பெட்டியை ஆழத்துடன் வரையவே பயிற்சிப் பள்ளியில் பெரும்பாடு பட்ட எமக்கு, அப்பொறுமை மலைப்பையே தருகிறது.

இனிக் கருதத்தக்கது ஒன்று. அப்புள்ளி மறைக்கப்படவில்லை. நடுக்கூடத்துத் தரையில் வட்டப் பளிங்கு ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. அங்கே நின்றால் தோற்றம் முழுமை பெறும். விலகிச் சென்றால் தூண்கள் சாயும். குவிமாடத்தைக் காண வேறோர் அடையாளமும் உண்டு. ஓரிடத்திலிருந்து மட்டும் சரியாகத் தெரிவது குறையன்றோ என்றோர்க்கு, அன்று என்றே பொட்சோ தம் நூலில் விடையிறுத்தார். வரைந்த தூண்களைத் தாங்கும் கற்கள் வலுவற்றவை என்று கட்டடக் கலைஞர் சிலர் குறை கூறினராம். அவை முறிந்தால் என் செலவிலேயே செப்பனிடுகிறேன் என்று அவருடைய ஓவிய நண்பர் ஒருவர் சொல்லி, அவர்கள் வாயை அடைத்தாராம்!

கள்ள எடை வைக்கும் வணிகன், எங்கே நின்றால் தன் கள்ளம் புலப்படும் என்று அடையாளமிட்டு வைப்பதில்லை. பார்ப்பவன் இடம் பெயராதிருத்தலே அவன் பிழைப்பு. ஓவியர்க்கோ, பார்ப்பவன் நகர வேண்டும். நகர்ந்து, அறிந்து, மீண்டும் வந்து நின்று வியக்க வேண்டும். கஷாய வயப்பட்டு உரைப்பதே பொய் என்பது நம் ஆசாரியர் துணிபு. வெகுளி, செருக்கு, வஞ்சனை, பேராசை என்னும் நான்கனுள் வஞ்சனையை இங்கே யாம் காணவில்லை. செருக்கு சிறிது இருந்திருக்கலாம். அதனை அளக்கும் கோல் எம்மிடம் இல்லை.

ஆயினும் வழக்கு இத்துடன் தீரவில்லை. ஐசுலாந்து நாட்டு ஈசாபியோர்துர் என்னும் சிற்றூரில், 2017-ஆம் ஆண்டு, தெருவைக் கடப்பதற்கான வெள்ளைக் கோடுகளைத் தரைக்குமேல் மிதக்கும் கட்டைகள்போலத் தீட்டினர். வண்டியோட்டி கண்டு வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது நோக்கம். இங்கே பளிங்கு அடையாளம் இல்லை. அறியாது ஏமாறினால்தான் பயன். உயிர் காக்கும் செயலாதலின் பலர் உடனே ஒப்புவர். மான் ஓடிய வழியை வேடனுக்குக் காட்டாதவனை நம்மவர் பொய்யன் என்பதில்லையே என்றும் கேட்பர். வேடன் கொல்ல வருபவன். வண்டியோட்டியோ தன் வழியே செல்பவன். திடுக்கிட்டு அவன் நிறுத்தினால் பின்வருபவன் மோதக்கூடும். நாள்தோறும் அவ்வழி செல்பவனுக்கோ அது வெறும் வண்ணம் என்பது விரைவில் தெரிந்துவிடும். பின்னொரு நாள், மெய்யாகவே ஏதேனும் குறுக்கே கிடக்குமாயின், அதனையும் வண்ணமென்று கருதிவிடுவானோ என்பதே எம் கவலை.

நம் ஊர்ப் பள்ளி வாயிலில் இத்தகைய கோடுகள் வேண்டுமா என்று எம்மைக் கேட்டால், கல்லும் தாரும் கொண்டு மெய்யான வேகத்தடை ஒன்றைப் போடுங்கள் என்போம்.