அச்சமும் அபயதானமும்

மாலை மயங்கும் வேளையில் மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு பகுதிகளின் வாதுமை மரங்களை நாடி வௌவால்கள் வருவது நாம் அறிந்ததே. முன்பு அவற்றைக் கண்டால் அருவருப்பு, இப்பொழுதோ அச்சம். மரத்தை வெட்டிவிடலாமா என்ற பேச்சு நம் இல்லங்களிலும் எழுகிறது. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நாம் இதனை ஆராய வேண்டாமா?

அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2018ஆம் ஆண்டு கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிபா நோயால் 17 பேர் மாண்டனர். அக்கிருமியின் இயற்கை உறைவிடம் பழந்தின்னி வௌவால். 2020இல் தமிழகம் உள்ளிட்ட சில இடங்களின் வௌவால்களில் ஒருவகைக் கொரோனா கிருமி இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு தெரிவித்தது. அது மனிதருக்கு நோய் தரும் என்பதற்குச் சான்றில்லை என்றும் ஆய்வாளர்கள் கூறினர். முற்பகுதி பரவிய வேகத்தில் பிற்பகுதி பரவவில்லை.

கோழிக்கோட்டில் முதல் நோயாளிக்குப் பின் நோய் பரவியது மனிதரிடமிருந்து மனிதருக்கே. நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலியர் லினியும் அந்நோய்க்கு இரையானார். ஆயினும் நோயுற்ற மனிதரை நாம் பகையாகக் கொள்ளவில்லை. தனியே வைத்துப் பேணினோம். அறியாது கிருமியைச் சுமக்கும் மற்றோர் உயிருக்கு மட்டும் வேறு நீதியா?

இல்லறத்தார்க்கு விரோதி ஹிம்சை முற்றிலும் விலக்கப்படவில்லையே எனச் சிலர் வினவலாம். அது தாக்க வருவோரைத் தடுக்கையில் நேர்வது. வௌவால் தாக்க வரவில்லை. பழம் தேடி வருகிறது. அதன் உறைவிடத்தை அழித்தல் எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்ப ஹிம்சையே ஆகும். அதனால் பயனும் இல்லை. உறைவிடமும் இரையும் இழந்து நலிந்த வௌவால்கள் கிருமியை மிகுதியாக வெளிவிடுகின்றன என்று ஆஸ்திரேலியாவில் ஹெண்ட்ரா கிருமி பற்றி நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

எலியோடு சேர்த்துப் பழந்தின்னி வௌவாலையும் தீங்குயிர் எனக் குறித்தது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலையே நீக்கிற்று. விதைகளைப் பரப்பி மரம் வளர்க்கும் உயிர் அது. தமிழகத்தின் சில சிற்றூர்களில் வௌவால்கள் அஞ்சுமே என்று தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. மகாவீரர் வீடுபேறு எய்திய திருநாளை இதனினும் சிறப்பாகக் கொண்டாடுவது எங்ஙனம்?

எச்சரிக்கை வேறு, பகைமை வேறு. கடிபட்ட பழத்தை உண்ணாதீர். பழங்களைக் கழுவி உண்பீர். நீர்க்கலங்களை மூடி வைப்பீர். வௌவாலை வெறுங்கையால் தொடாதீர். இவை நம்மைக் காக்கும். நால்வகைத் தானங்களுள் அபயதானத்திற்குப் பொருட்செலவு இல்லை. நம் அச்சத்தை அடக்கினால் போதும். இதனைப் பிள்ளைகளுக்கும் கற்பிப்போமாக.