பிரிப்பதற்குக் கூலி உண்டு

நொய்யல் ஆற்றில் கலந்த திருப்பூர்ச் சாயக்கழிவைப் பற்றிப் பேசும்போது ‘விஷம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். நிறத்தைக் கண்டு வந்த சொல் அது. அந்த ஆற்றின் குறுக்கே 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பாசனத்துக்கு ஆகாமல் போனதில் நிறமற்ற உப்புக்கே பெரும்பங்கு. தண்ணீரில் பருத்தி இழையும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தைத் தணிக்கத்தான் சாயத்தொட்டியில் சோடியம் குளோரைடையோ சோடியம் சல்பேட்டையோ கொட்டுகிறார்கள். சாயம் துணியில் ஏறிக்கொள்ளும்; உப்பு அலசுகிற நீரோடு வெளியேறும். குழம்புக்குப் போடும் உப்பு பயிரை ஏன் வாட்ட வேண்டும்? இதற்கு விடை உயிரணுவின் வேதியியலில் இருக்கிறது.

நம் இரத்தத்தில் லிட்டருக்குச் சோடியம் சுமார் 140 மில்லிமோல், பொட்டாசியம் 4. உயிரணுவுக்குள் கணக்கு தலைகீழ்: பொட்டாசியம் சுமார் 140, சோடியம் 10 முதல் 15. நடுவே சில நானோமீட்டர் தடிமனில் ஒரு கொழுப்புச் சவ்வு. கசிவு ஓயாது என்பதால் இறைப்பும் ஓய முடியாது. சவ்விலுள்ள ஒரு புரதம், ஆற்றலைச் சுமக்கும் ஓர் ஏடிபி மூலக்கூறைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. இதை 1957-இல் கண்டறிந்த டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோவுக்கு 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது. தாவரங்கள் புரோட்டான்களை வெளியேற்றி, அந்த விசையைக் கொண்டு சோடியத்தை அப்புறப்படுத்துகின்றன. வழி வேறானாலும் ஆற்றல் செலவாகாமல் நடக்காது. கடலோரத் தென்னையின் இளநீரிலும் சோடியத்தைவிடப் பொட்டாசியமே மிகுதி. செத்த உயிரணுவிலும் இதே அணுக்கள்தான் இருக்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வு மட்டும் மெல்ல மெல்லக் கரைந்துவிடுகிறது. உயிரோடிருப்பது என்பது கலந்துபோகாமல் பிரித்து வைத்துக்கொண்டே இருக்கும் உழைப்பு.

அந்த உழைப்பைத்தான் சாயநீர் கூட்டிவிட்டது. மண்ணின் நீரில் உப்பு ஏறினால் வேரால் நீரை இழுக்க முடியாது. ஈரமுள்ள காட்டிலேயே பயிர் வாடும். உள்ளே புகுந்த சோடியம் பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்து நொதிகளின் வேலையைக் கெடுக்கும். களிமண்ணிலோ அது கால்சியத்தைப் பெயர்த்தெடுத்து நிலத்தை இறுக்கிவிடும். மணியாகவும் காயாகவும் திரள வேண்டிய ஆற்றல், உப்பை விலக்குவதிலேயே தீர்ந்துபோகும்.

கடலில் உயிர்கள் வாழவில்லையா என்று கேட்கலாம். வாழ்கின்றன, அதற்கான உடலமைப்பு அவற்றுக்குப் பல கோடி ஆண்டுகளில் வாய்த்தது. அணைநீர் பாயும் கரூர் ஆயக்கட்டுப் பயிருக்குக் கிடைத்ததோ சில போகங்கள். சாயம் இல்லாமல் பனியன் இல்லை, அதில் லட்சக்கணக்கானோர் பிழைக்கிறார்களே என்பது இதைவிடக் கனமான கேள்வி. பிழைப்பை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உப்பைக் கரைக்க ஒரு கை அசைவு போதும். திரும்ப எடுக்க அடுப்பு எரிய வேண்டும். இயற்பியலின் இந்த விதிக்குத் தள்ளுபடி கிடையாது. ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் சாயக் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்றது. நடைமுறைக்கு வராததால் 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. சவ்வுகளும் ஆவியாக்கிகளும் உப்பை மீட்கின்றன. மின்சாரமும் விறகும் இவ்வளவு செலவாகிறதே, அதுவும் மாசுதானே என்ற முறையீடு நியாயமானது. மறுபயனுக்கு ஆகாத கலப்பு உப்பு தேங்குவதும் உண்மை. ஆனாலும் அந்தச் செலவை நீதிமன்றம் உண்டாக்கவில்லை. அது முன்பும் இருந்தது, வேர்களின் கணக்கில் எழுதப்பட்டு, விவசாயியின் விளைச்சலிலிருந்து கழிக்கப்பட்டது. இப்போது அது ஒரு ரசீதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. தெரிகிற செலவைத்தான் குறைக்க வழி தேட முடியும். பனியனின் விலையில் சேர்த்து, வாங்குகிறவரிடம் கேட்க முடியும்.

உயிரை வேதியியலாகப் பார்ப்பது அதன் மதிப்பைக் குறைத்துவிடும் என்ற அச்சம் நமக்குண்டு. நொய்யல் விஷயத்தில் நடந்தது நேர்மாறு. இரக்கத்தை ஒத்திப்போடலாம், சட்டத்தை இழுத்தடிக்கலாம். அயனிகளின் கணக்கு மட்டும் அன்றன்றே தீர்க்கப்பட்டுவிடும். ஆகவே ஒரு தொழில் நேர்மையானதா என்று அறிய, அது எதைக் கலக்கிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது. கலந்ததைப் பிரிக்கும் கூலியை யார் கொடுக்கிறார் என்றும் கேட்க வேண்டும்.