நள்ளிரவில் திறந்த ஜன்னல்

1882-ஆம் ஆண்டு. தட்சிணேசுவரத்திற்கு அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த மகேந்திரநாத் குப்தர் மீண்டும் வந்து நின்றார். அவரைக் கண்டதும் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் சிரித்துவிட்டார். ஒரு மயிலுக்கு ஒருநாள் மாலை நான்கு மணிக்குச் சிறிது அபினி கொடுத்தார்களாம். மறுநாள் சரியாக அதே நேரத்திற்கு அது தானாகவே வந்து நின்றதாம். அந்த மயிலைப்போல இவரும் வந்துவிட்டார் என்று சுற்றியிருந்த இளைஞர்களிடம் வேடிக்கையாகக் கூறினார்.

இறைவன்பால் எழும் ஈர்ப்பை உணர்த்தவே பகவான் இதைச் சொன்னார். ஆயினும் போதையின் இயல்பும் அதனுள் அடங்கியுள்ளது. அந்த மயில் தீய மயில் அன்று. ஒழுக்கம் கெட்ட மயிலும் அன்று. அதன் உடலுக்குள் யாரோ ஒரு கடிகாரத்தைப் பொருத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்று அத்தகைய கடிகாரங்களுள் கொடியது மெத்தாம்ஃபெடமின். 1893-இல் ஜப்பானிய வேதியியலார் ஒருவர் எபிட்ரின் என்னும் மருந்துப்பொருளிலிருந்து இதனை முதன்முதலாக உருவாக்கினார். ‘மெத்’, ‘ஐஸ்’, ‘கிறிஸ்டல்’ என்ற பெயர்களில் இது கைமாறுகிறது. மூளையில் டோபமின் என்னும் பொருளை வெள்ளமெனப் பெருகச் செய்து, பசியையும் உறக்கத்தையும் துரத்துகிறது. வேலைக்காகப் பெங்களூருவுக்கு வந்து, வாடகை அறையில் நண்பர்களோடு தங்கி, இரவுப் பணியில் கண்விழிக்கும் இளைஞனுக்கு முதலில் இது ஓர் உதவியாகவே தோன்றும். பெற்றோரோ சேலத்திலோ திருநெல்வேலியிலோ இருப்பார்கள். ஆபத்து வரும் இரவில் அருகில் இருப்பவர்கள் அறை நண்பர்கள் மட்டுமே.

அந்த இரவில் அவர்கள் எதைக் கண்டு விழித்துக்கொள்ள வேண்டும்? உடல் அனலாய்க் கொதிக்கும். இதயம் படபடத்து, துடிப்பு தாளம் தப்பும். நெஞ்சு வலிக்கும், மூச்சு வாங்கும். இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். இருப்பவர்கள் எல்லோரும் பகைவராகத் தோன்றுவார்கள். வலிப்பு வரலாம். பொறுக்கமுடியாத தலைவலி, வாய் கோணுதல், பேச்சு குழறுதல், ஒருபக்கக் கைகால் தளர்தல் ஆகியவை மூளையில் இரத்தக் குழாய் அடைபட்டதன் அல்லது வெடித்ததன் அடையாளங்கள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திருத்தல் ஆகாது. பல நாள் விழித்தவன் அயர்ந்து உறங்குவது இயல்பே. ஆனால் உலுக்கியும் எழாதவன் உறங்குகிறான் என்று எண்ணிவிடக்கூடாது.

உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை ஆடைகளைத் தளர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, ஈரத்துணியாலும் மின்விசிறியாலும் உடலைக் குளிர்விக்க வேண்டும். நினைவிழந்தவனை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதும், பல்லுக்கிடையே கரண்டியை வைப்பதும் நம் வீடுகளில் இன்னும் மறையாத பழக்கம். அவற்றால் பயனில்லை, காயம்தான் மிஞ்சும். நினைவு தெளியாதவன் வாயில் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். வெறிகொண்டு நிற்பவனைக் கட்டிப்போடுவதும் குப்புற அழுத்துவதும் உயிருக்கே கேடு. விளக்கைத் தணித்து, ஒருவர் மட்டும் மெல்லிய குரலில் பேசுவது நல்லது. மருத்துவரிடம் அவன் எதை உட்கொண்டான் என்பதை மறைக்காமல் கூற வேண்டும். இந்நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. உடற்சூட்டைத் தணித்து, கொந்தளிப்பை மருந்தால் அடக்கி, இதயத்தைக் காப்பதே சிகிச்சை. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது.

இவ்வளவும் அறிந்த பின்னரும் பல கதவுகள் உள்ளே தாழிடப்படுகின்றன. காவல்துறை வருமோ, வேலை போகுமோ, ஊரில் தலைகாட்ட முடியுமோ என்ற அச்சம் தாழ்ப்பாளாகிறது. ‘காலையில் சரியாகிவிடும்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

கல்கத்தாவில் பத்மவினோத் என்றொருவர் இருந்தார். மேலே சொன்ன மகேந்திரநாத் குப்தரிடம் பள்ளியில் பயின்றவர். இளமையில் பகவானைத் தரிசித்தவர். பின்னர் நாடக மேடைக்குச் சென்று, குடிக்கு அடிமையானார். நள்ளிரவில் தள்ளாடியபடி, அன்னை ஸ்ரீசாரதாதேவி தங்கியிருந்த பாக்பஜார் வீட்டின் முன் நின்று குரல் கொடுப்பார். அன்னையின் உறக்கம் கெடுமே என்று வீட்டிலிருந்தோர் பதில் கூறுவதில்லை. ஓர் இரவு அவர் தெருவில் நின்று, கதவைத் திறக்கும்படி அன்னையை வேண்டி உருக்கமாகப் பாடினார். மாடியில் ஜன்னல் திறந்தது. அன்னையைத் தரிசித்தவர் தெருப்புழுதியில் புரண்டு வணங்கிச் சென்றார். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழலாமா என்று மற்றவர்கள் குறைபட்டபோது, அவன் அழைக்கும்போது தன்னால் இருக்க முடியவில்லை என்றார் அன்னை.

அந்த ஜன்னல் பத்மவினோதைக் குடியிலிருந்து மீட்டதாக வரலாறு கூறவில்லை. நோயுற்று மருத்துவமனையில் கிடந்த இறுதி நாளில் பகவானின் அமுதமொழிகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, கண்ணீர் பெருக, அவர் நாமத்தைச் சொல்லியபடியே உயிர்நீத்தார். சேற்றைப் பூசிக்கொண்டிருந்த பிள்ளை தனக்குரிய இடத்திற்கே சென்றுவிட்டான் என்று அன்னை கூறினார். கருணை அன்றும் இருந்தது. போதைநோய்க்கான மருத்துவம்தான் இல்லை. இன்று அதுவும் இருக்கிறது. பிரார்த்தனை போதும், மருத்துவர் எதற்கு என்று கேட்போர், பகவானே தமது இறுதிக்கால நோயில் டாக்டர் மகேந்திரலால் சர்க்காரின் சிகிச்சையை ஏற்றுக்கொண்டார் என்பதை நினைக்க வேண்டும்.

பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் போதைநோய்க்கெனத் தனி மையமே இயங்குகிறது. மெத்தாம்ஃபெடமினை விட்டவுடன் வரும் சோர்வும் விரக்தியும் தற்கொலை எண்ணம்வரை இழுத்துச் செல்லக்கூடும். அந்நாட்களில் அவனைத் தனியே விடலாகாது. ஏக்கத்தைத் தூண்டும் இடங்களையும் மனிதர்களையும் நேரங்களையும் இனங்கண்டு விலகப் பழக்கும் உளவியல் பயிற்சியே இதில் முக்கிய சிகிச்சை. மூளை தேறி வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நடுவே ஒருமுறை சறுக்கினால் சிகிச்சை தோற்றதென்று பொருளல்ல; சர்க்கரை ஏறிய நோயாளியை எவரும் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை.

சட்டத்திற்கு அஞ்சுவோரும் ஒன்றை அறிய வேண்டும். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமைநோயாளி, தானே விரும்பி அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 2022-இல் தொடங்கப்பட்ட டெலிமானஸ் சேவையின் எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம்.

செய்தி கேட்டு இரவுப் பேருந்தில் ஓடிவரும் தாய்க்குப் பெங்களூருவின் மொழி தெரியாது. மருத்துவச் சொற்களும் புரியாது. மகனிடம் என்ன பேசுவதென்றும் விளங்காது. இதே ஊரின் பசவனகுடி ஆசிரமத்திற்கு 1911-இல் அன்னை வந்திருந்தார். கூடம் நிறைய மக்கள் மௌனமாக அமர்ந்திருந்தனர். இவர்கள் மொழி தெரிந்திருந்தால் இரண்டு வார்த்தை சொல்லலாமே, மனம் ஆறுமே என்று அன்னை ஏங்கினார். அது அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. வேண்டாம், இதுவே போதும், உள்ளம் நிறைந்துவிட்டது என்றார்கள் அவர்கள்.